தென்னை ஓலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு, மேலே கரி: வேரில் மருந்து கட்டலாமா?

வாசகியின் கேள்வி

ஐயா, வணக்கம். பேராவூரணி பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்ப்பதால் தோப்பு என் பொறுப்பு. கஜா புயலில் பெரிய மரங்கள் முக்கால்வாசி சாய்ந்துவிட்டன. மிஞ்சியது 40 நெட்டை மரம். 2019-இல் 110 ஒட்டுரகத் தென்னம்பிள்ளை வைத்தோம். இப்போது அதில்தான் இளநீர் வெட்டி விற்கிறோம். நடுவில் கொஞ்சம் வாழையும் கொய்யாவும் இருக்கின்றன.

மாசி மாதத்திலிருந்து ஓலைக்கு அடியில் வெள்ளையாகப் பஞ்சு அப்பியிருக்கிறது. கீழே இருக்கும் மட்டைகளின் மேல்பக்கம் அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகிவிட்டது. வாழை இலை, கொய்யா இலை, மாட்டுக்கொட்டகைக் கூரை எல்லாம் கருப்பு. ஒட்டுரகத்தில்தான் அதிகம், நெட்டையில் குறைவு. இது வாடல் நோய் என்கிறார் ஒருவர். மருந்துக்கடைக்காரர் மரத்துக்கு மரம் வேரில் மருந்து கட்டி, மேலுக்கும் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார். பக்கத்துத் தோப்புக்காரர் கீழ்மட்டைகளை வெட்டிக் கொளுத்திவிட்டார். எது சரி? மரம் செத்துவிடுமா? புயலுக்குத் தப்பி மறுபடி இவ்வளவு வளர்த்தபின் இதையும் இழந்தால் எங்களால் தாங்க முடியாது. காலியாக உள்ள 15 குழிக்கு இனி எந்த ரகம் வைக்கலாம் என்றும் சொல்லுங்கள். படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்

அம்மா, வணக்கம்.

முதலில் நீங்கள் பயப்படும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இது வாடல் நோய் இல்லை. மரம் சாகாது. வேரில் மருந்து கட்ட வேண்டாம், மட்டையை வெட்டிக் கொளுத்தவும் வேண்டாம். மருந்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன். என் பேச்சை அப்படியே நம்பவும் வேண்டாம். நாளைக் காலை ஓர் ஓலையை அறுத்து, திருப்பிப் பிடித்து, நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் தோப்பில் இருப்பது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில் ஓலையின் அடிப்பக்கம் வெள்ளை மெழுகுக் கோடுகள் வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றிப் போகின்றன. கோலமாவு சிந்தினால் அப்படிச் சிந்தாது. தாய் ஈ முட்டையிட்டுக்கொண்டே சுற்றி நகர்ந்து, மேலே மெழுகைத் தூவிவிட்டுப் போன தடம் அது. நாலாவது படத்தில் ஈயே உட்கார்ந்திருக்கிறது. கத்தரியிலும் பருத்தியிலும் நீங்கள் பார்த்திருக்கும் வெள்ளை ஈ கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு சிறியது. இது ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர், அதைப்போல மூன்று மடங்கு பெரியது. வெள்ளை இறக்கையில் குறுக்காக இளம்பழுப்புப் பட்டைகள் ஒழுங்கில்லாமல் ஓடும். கையை நீட்டினாலும் அவசரமாகப் பறக்காது, மந்தமாகத்தான் நகரும். உற்றுப் பார்த்தால் ஆண் ஈயின் வால்நுனியில் இடுக்கி மாதிரி இரண்டு கொக்கிகள் தெரியும்.

இது நம் ஊர்ப் பூச்சி இல்லை. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் தென்னை ஓலையில் எடுத்த மாதிரிகளை வைத்து 2004-இல்தான் இதைத் தனி இனம் என்று விவரித்தார்கள். 2009-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகியது. இந்தியாவில் 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதலாகக் கண்டார்கள். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து மரங்கள் தண்ணீர் இல்லாமல் தவித்த ஆண்டு. வறட்சியும் புதிய பூச்சியும் ஒன்றாக வந்தன. அங்கிருந்து கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று போய்விட்டது. ஈ தானாகப் பறந்து வெகுதூரம் போவதில்லை. கன்று ஏற்றிய வண்டியிலும், பச்சை ஓலையிலும், வாழை இலைக்கட்டிலும், அலங்காரச் செடியிலும்தான் ஊர்விட்டு ஊர் போகிறது. 15 குழிக்குக் கன்று வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

தென்னையில் இப்போது ஒன்றுக்கு மேற்பட்ட அயல்நாட்டு வெள்ளை ஈக்கள் இருக்கின்றன. அதனால் படத்தை மட்டும் நம்பாமல் நீங்களும் ஒருமுறை பாருங்கள். ஈ மிகச் சிறியதாக இருந்து, மெழுகுப் பஞ்சால் குருவிக்கூடு மாதிரி வளையம் கட்டி அதன் நடுவே உட்கார்ந்திருந்தால் அது கூடுகட்டும் வெள்ளை ஈ. 2018 வாக்கில் கேரளத்தில் முதலில் பார்த்தது. ஓலையில் ஒட்டியிருக்கும் குஞ்சுகளே கருப்பாகவும், ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளை மெழுகு விளிம்பும் இருந்தால் அது இன்னொரு இனம். 2019-இல் கர்நாடகத்தில் கண்டது. இந்தக் கருப்புக் குஞ்சை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் இன்னொரு கருப்போடு இதைக் குழப்பிக்கொண்டால் கணக்கே தப்பாகிவிடும். உங்கள் படங்களில் இந்த இரண்டும் இல்லை.

இப்போது கரிக்கு வருவோம். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கொஞ்ச தூரம் ஊர்ந்துபோய், ஓரிடத்தில் ஊசி வாயைக் குத்தி உட்கார்ந்துவிடும். அதற்குப்பின் ஈயாகும் வரை நகராது. முட்டையில் தொடங்கி ஈயாவதற்கு ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அத்தனை நாளும் சாற்றை உறிஞ்சி, மிஞ்சிய சர்க்கரைத் தண்ணீரைக் கீழே சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பிசுபிசுப்பு கீழ்மட்டையின் மேல்பக்கம், வாழை இலை, கொட்டகைக் கூரை எல்லாவற்றிலும் விழுகிறது. அதன்மேல் கரும்பூசணம் வளர்கிறது. பூசணம் இலைக்குள் இறங்குவதில்லை, மேலே படர்ந்து வெயிலை மறைக்கிறது. வெயில் படாத இலை மாவுச்சத்து செய்யாது. மரத்துக்கு வரும் நட்டத்தில் பெரும்பங்கு இதுதான். ஈ குடிக்கும் சாறு மட்டும் என்றால் வளர்ந்த தென்னை அதைச் சமாளித்துக்கொள்ளும். நல்ல தண்ணீரும் உரமும் கிடைக்கும் மரம் இதற்காக ஓய்ந்துவிடாது. உங்கள் பிள்ளைகள் இளம் மரங்கள் என்பதால் தொடர்ந்து பல மாதம் இலை முழுக்கக் கரியாக நின்றால் வளர்ச்சியும் பாளையும் குறையும். அதனால்தான் சும்மா இருக்கச் சொல்லவில்லை, சரியானதைச் செய்யச் சொல்கிறேன்.

வாடல் என்று சொன்னவர் எதை நினைத்துச் சொன்னார் என்று புரிகிறது. உங்கள் பகுதிக்கு அந்தப் பெயரே பயத்தைத் தரும். 1952-இல் தஞ்சாவூர்ப் பக்கம் முதலில் கண்டு, அந்தப் பெயராலேயே தஞ்சாவூர் வாடல் என்று அழைக்கப்படும் நோய் வேரையும் தண்டின் அடியையும் அழுகச் செய்யும் ஒரு பூசணத்தால் வருவது. அதில் தண்டின் அடிப்பகுதியில் வெடிப்பு விட்டு, செம்பழுப்பு நிறத்தில் சாறு கசிந்து வழியும். அடிமட்டைகள் பழுத்து, தண்டை ஒட்டித் தொங்கும். உங்கள் 40 நெட்டை மரங்களின் அடித்தண்டைத் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கசிவு எதிலாவது இருந்தால் உடனே எழுதுங்கள், அது வேறு வைத்தியம். மேற்கு மாவட்டங்களில் உள்ள கேரள வேர்வாடல் இன்னொன்று. அதில் ஓலைகள் தொய்ந்து உள்பக்கமாக விலா எலும்பு போல் வளையும். இந்த இரண்டிலும் ஓலையின் அடியில் மெழுகுச் சுருள் இருக்காது. வெள்ளை ஈ இருப்பதால் வாடல் வரும் என்பதும் இல்லை.

சரி, இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலில் முக்கியமானது.

நாளைக் காலை ஒட்டுரகத்தில் பத்து மரத்துக்கு ஒரு மரம் வீதம் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் கீழ்வரிசை மட்டை ஒன்றிலிருந்து மூன்று நாலு ஓலையை மட்டும் அறுத்து எடுங்கள். மட்டையை வெட்ட வேண்டாம். அடிப்பக்கம் திருப்பி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மென்மையான தூரிகையால் மெழுகை நீக்குங்கள். பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். இப்போது ஓலையில் ஒட்டிய குஞ்சுகளும் கூடுகளும் தெரியும். உயிரோடு இருக்கும் குஞ்சு வெளிர்மஞ்சளாக இருக்கும். ஈ வெளியேறிய வெற்றுக்கூட்டின் முதுகு, ஆங்கில எழுத்து டி (T) போலப் பிளந்திருக்கும். இவற்றுக்கு நடுவில் முழுக்கக் கருத்துப்போன கூடுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். சில கருப்புக் கூடுகளின் முதுகில் ஊசியால் குத்தியதுபோல் வட்டமான ஓட்டை இருக்கும். டி வடிவப் பிளவு வழியாகப் போனது ஈ. வட்ட ஓட்டை வழியாகப் போனது அந்த ஈயைத் தின்று வளர்ந்த குளவி.

அந்தக் குளவிக்கு என்கார்சியா குவாடலூப்பே என்று பெயர். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கொட்டாது, தோப்பில் நடக்கும்போது கண்ணில் படாது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போகும். உள்ளே குளவிப் புழு வளர வளர ஈயின் கூடு கருக்கும். இந்தக் குளவியை 2016-க்குப் பின் யாரும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கவில்லை. 1993-இல் கேரளத்தில் மரவள்ளியில் கண்ட இன்னொரு சுருள் வெள்ளை ஈயைப் பின்தொடர்ந்து அது முன்பே இந்தியாவுக்குள் வந்து சேர்ந்திருந்தது. பொள்ளாச்சியில் புதிய ஈ பெருகியபோது, மருந்து அடிக்காத தோப்புகளில் இந்தக் குளவியும் தானாகவே பெருகியது. அதைப் பார்த்துத்தான் வேளாண் பல்கலைக்கழகமும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் ரசாயன மருந்தைத் தவிர்க்கச் சொல்லத் தொடங்கின.

கோவைப் பக்கத்தில் உறவினர் இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2008-இல் கோவையில் கண்ட அந்தப் பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெளுத்துக் கட்டியது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு சின்னக் குளவியைத் தருவித்து விட்டார்கள். அது வயலில் நிலைத்த பிறகுதான் பூச்சி அடங்கியது. அயலூரிலிருந்து எதிரியை விட்டுவிட்டு வந்த பூச்சிக்கு, அதன் எதிரியை மறுபடி சேர்த்துவைப்பதைப்போல வேலை செய்யும் மருந்தை நான் பார்த்ததில்லை. உங்கள் விஷயத்தில் எதிரி வாசலுக்கே வந்து நிற்கிறது.

இதனால்தான் கடைக்காரர் சொன்னதை வேண்டாம் என்கிறேன். மேலுக்கு அடிக்கும் கலவை மருந்து பறக்கும் ஈயைக் கொல்லும், குளவியையும் கொல்லும். மெழுகுக்கு அடியில் இருக்கும் முட்டைக்கும் குஞ்சுக்கும் அது சரியாக எட்டாது. மூன்று நாலு வாரத்தில் அந்தக் குஞ்சுகள் ஈயாக வரும்போது தடுக்கக் குளவி இருக்காது. முன்பைவிட அதிகமாகப் பெருகும். கடைக்காரர் அடுத்த மருந்தை எழுதித் தருவார். வேரில் கட்டும் மருந்து மரத்துக்குள் சாற்றோடு ஏறுவது. ஓலைக்குப் போகும் மருந்து பாளைக்கும் காய்க்கும் போகாது என்று உங்களுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. நீங்கள் விற்பது இளநீர். வெயிலில் வருபவர் குழந்தைக்கும் நோயாளிக்கும் வாங்கிக் கொடுப்பது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். பாளையில் மகரந்தம் எடுக்கும் தேனீக்கும் அதே மருந்துதான் போகும், தேனீ குறைந்தால் குரும்பை பிடிப்பதும் குறையும்.

பக்கத்துத் தோப்புக்காரர் மட்டையைக் கொளுத்தியதில் கெட்ட எண்ணம் இல்லை, ஆனால் அதில் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. கீழ்மட்டைதான் பழைய மட்டை. பூச்சி அங்கே முதலில் வந்தது, குளவியும் அங்கேதான் முதலில் வேலையைத் தொடங்கியது. கருத்த கூடுகள் அதிகம் இருப்பது அந்த மட்டைகளில்தான். கொளுத்தினால் வெளியே வரக் காத்திருக்கும் குளவிகள் சாம்பலாகும், மேல்மட்டையில் இருக்கும் புதிய ஈக்கள் பத்திரமாக இருக்கும். பச்சை மட்டை போனால் காய்ப்பும் குறையும். அவரிடம் சண்டையாக இல்லாமல், ஓலையையும் கண்ணாடியையும் கையில் கொடுத்துக் காட்டுங்கள். இரண்டு தோப்புக்கும் நடுவில் ஈக்கு வேலி கிடையாது. நீங்கள் காப்பாற்றும் குளவி அவர் மருந்தில் சாகக்கூடாது.

ஓலை பார்த்தபின் என்ன செய்வது என்பது, எவ்வளவு கருப்புக் கூடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாதிக்குப் பாதி கருத்திருந்தால் எதையும் தெளிக்க வேண்டாம். வேப்பெண்ணெய்கூட வேண்டாம். தண்ணீரையும் உரத்தையும் கவனித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை இதேபோல் ஓலை பாருங்கள். கருப்பு கூடிக்கொண்டே போகும்.

கருப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் குளவியை இடம் மாற்றிக் கொடுக்கலாம். நிறையக் கருத்து, ஆனால் இன்னும் வட்ட ஓட்டை விழாத கூடுகள் உள்ள ஓலையைத் துண்டுகளாக வெட்டி, மாலையில், பூச்சி அதிகமுள்ள மரங்களில் பத்து மரத்துக்கு ஒரு துண்டு என்று ஓலையின் அடிப்பக்கம் ஈர்க்கால் குத்தி வையுங்கள். ஓட்டை விழுந்த கூடுகளை வைத்துப் பயனில்லை, குளவி போய்விட்டது. துண்டுகளை உங்கள் தோப்பிலிருந்தோ அதே ஊரிலிருந்தோ எடுங்கள். வெகுதூரத்திலிருந்து ஓலை கொண்டுவந்தால் வேறு பூச்சியும் கூடவே வரும். முதல்முறை பிரித்துப் பார்க்கச் சிரமமாக இருந்தால் சில ஓலைகளைப் பையில் போட்டு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். உங்களுக்குப் பக்கம்தான். நேரில் காட்டிவிடுவார்கள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை அட்டை எங்கே கிடைக்கும் என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அதன் புழு வெள்ளை ஈயின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். தின்றபின் மெழுகையும் தோலையும் முதுகில் சுமந்துகொண்டு அசையும் குப்பை மாதிரி ஊரும். அதைப் பார்த்துப் புதுப் பூச்சி என்று நசுக்கிவிடாதீர்கள். பொறிவண்டுக்கும் அப்படியே.

கருப்பே இல்லை, ஈ மட்டும் திரளாகப் பறக்கிறது என்றால் குளவி வந்து சேரும் வரை ஈயைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் இன்னும் எட்டும் உயரத்தில் இருப்பது நல்லதாகப் போயிற்று. பவர் ஸ்பிரேயரில் வெறும் தண்ணீரை ஓலையின் அடிப்பக்கம் வேகமாகப் பீய்ச்சினாலே ஈயும் மெழுகும் நிறைய உதிரும். அதன்பின் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் சேர்த்து, மாலையில், அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். மேல்பக்கம் அடித்தால் பயனில்லை, பூச்சி அங்கே இல்லை. 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு 8 என்ற கணக்கில் ஆள் உயரத்தில் கட்டலாம். எண்ணெய் காய்ந்தால் மறுபடி தடவ வேண்டும். கருப்புக் கூடுகள் தெரியத் தொடங்கியதும் தாள்களை அவிழ்த்துவிடுங்கள், நல்ல பூச்சியும் அதில் ஒட்டும். ஐப்பசி கார்த்திகை ஈரக் காற்றில் ஐசேரியா ஃபுமோசோரோசியா என்ற நன்மை செய்யும் பூசணத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளிப்பதும் நன்றாக வேலை செய்யும். இந்தப் பங்குனி சித்திரை வெயிலில் அதற்குச் செலவு செய்ய வேண்டாம், காய்ந்துபோகும்.

கரியைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சி குறைந்தாலும் பழைய கரி இலையில் அப்படியேதான் இருக்கும். கரி இன்னும் இருக்கிறதே என்று பயந்து மருந்துக்குப் போய்விடுபவர்கள் நிறையப் பேர். புதிதாக விரியும் மட்டைகள் பச்சையாக வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள், அதுதான் அளவுகோல். பழைய கரியை மழை கழுவிவிடும். காத்திருக்க மனமில்லை என்றால் வாழைக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மைதாக் கஞ்சி அடிக்கலாம். லிட்டருக்கு 25 கிராம் கணக்கு, 10 லிட்டர் டாங்குக்குக் கால் கிலோ. முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். நல்ல வெயில் நாளில், கரி படிந்த மேல்பக்கத்தில் தெளிக்க வேண்டும். கஞ்சி காய்ந்து பொருக்காகி உதிரும்போது கரியையும் பெயர்த்துக்கொண்டு போகும். உயரமான நெட்டை மரத்துக்கு இதற்காக ஆள் வைத்துச் செலவு செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. கேரளத்தில் இந்தக் கரியை மேய்ந்து இலையைச் சுத்தம் செய்யும் ஒரு சின்ன வண்டையே கண்டிருக்கிறார்கள். மருந்தில்லாத தோப்பில் என்னென்ன உயிர்கள் வந்து உதவுகின்றன என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

கொட்டகைக் கூரைக் கருப்பால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர்த் தொட்டியை மட்டும் மூடி வையுங்கள், பிசுபிசுப்பு விழாமல் இருக்கும்.

வாழையும் கொய்யாவும் இந்த ஈக்கு இடம் கொடுக்கும் பயிர்கள்தான், அதற்காக அவற்றை எடுத்துவிட வேண்டாம். அவற்றில் இருக்கும் ஈயில் குளவியும் வளர்கிறது, தாழ்வாக இருப்பதால் நீங்கள் பார்க்கவும் வசதி. குளவி பெருகட்டும் என்றே தென்னைக்கு நடுவில் வாழையும் கல்வாழையும் வைக்கச் சொல்லும் பரிந்துரை உண்டு. வரப்போரம் பத்துக் கல்வாழைக் கிழங்கு ஊன்றி வைத்தால் நல்லது. அவற்றுக்கு எந்தக் காரணம் கொண்டும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

மரத்துக்குத் தெம்பு கொடுப்பதை இதோடு சேர்த்தே செய்ய வேண்டும். காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ். ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து ஆனியிலும் மார்கழியிலும், தண்டிலிருந்து 6 அடி தள்ளி வட்டப்பாத்தியில் போட்டு மூடித் தண்ணீர் விடுங்கள். யூரியாவை மட்டும் கூடுதலாகப் போட்டுப் பச்சை காட்டினால் சாறு குடிக்கும் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. பொட்டாஷைக் குறைக்காதீர்கள். இப்போதைக்கு வெயில் தணியும் வரை பாத்தியில் உரிமட்டையும் காய்ந்த ஓலையும் பரப்பித் தண்ணீர் காயாமல் பார்த்துக்கொள்வதுதான் அவசரம். வெயிலும் வறட்சியும் இந்த ஈக்குச் சாதகம், பலத்த மழை எதிரி. வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்தால் கார்த்திகைக்குள் எண்ணிக்கை தானாகவே இறங்கும். அடுத்த மாசியில் மறுபடி கொஞ்சம் ஏறும். அப்போது கலங்க வேண்டாம், ஓலையைத் திருப்பிக் கருப்புக் கூடுகளை எண்ணுங்கள்.

கடைசியாக அந்த 15 குழி. ஒட்டுரகத்தில் அதிகம், நெட்டையில் குறைவு என்று நீங்கள் கவனித்தது சரியான கவனிப்பு. குட்டை ரகங்களிலும் குட்டை கலந்த ஒட்டுகளிலும் இந்த ஈ அதிகம் வருகிறது, சாவக்காடு ஆரஞ்சுக் குட்டையில் இன்னும் அதிகம். அதற்காக இருக்கும் 110 மரத்தை வைத்தது தவறு என்று நினைக்காதீர்கள். சீக்கிரம் காய்ப்புக்கு வந்து, புயலுக்குப்பின் உங்கள் வீட்டுக்கு வருமானம் கொடுத்தவை அவைதான். ஆனால் புதிய குழிகளுக்கு நெட்டையே வையுங்கள். கிழக்குக் கடற்கரை நெட்டை உங்கள் மணலுக்கும் காற்றுக்கும் பழகியது. வேப்பங்குளம் 3 கிடைத்தால் அதுவும் நெட்டைதான், நல்ல ரகம். மழை பிடித்தபின் நடலாம், அவசரமில்லை. கன்றை ஆராய்ச்சி நிலையத்திலோ அரசு நாற்றுப்பண்ணையிலோ எடுங்கள். மேற்கு மாவட்டங்களிலிருந்து லாரியில் வந்து சந்தையில் இறங்கும் கன்று, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். வேர்வாடல் உள்ள பகுதியிலிருந்து வந்ததா என்று பார்வையில் தெரியாது. ஏற்றும் முன் ஒவ்வொரு கன்றின் ஓலையையும் திருப்பிப் பாருங்கள். மெழுகுச் சுருள் இருந்தால் அந்தக் கன்றை அங்கேயே விட்டுவிடுங்கள்.